பனியாற்றில் நடக்கப் போகிறீர்களா? பாதம் முழுசாகப் பதியட்டும்!

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும், இமயமலைப் பக்கம் ஒருமுறை போய்வர நினைப்பவர்களும் சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் பனியாற்று நடை பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் பெரும் பனித்திரள்தான் பனியாறு. வழிகாட்டியோடு போகும் நடையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பழக்கமில்லாதவர்கள் பனியாற்றில் தனியாகக் கால் வைக்கக் கூடாது. ஏன் என்பது பதில்களிலேயே வரும்.

மகன் டென்மார்க்கில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் எங்களை ஐஸ்லாந்து கூட்டிப்போய் பனியாற்றின் மேல் மூன்று மணி நேரம் நடக்க வைக்கப் போவதாகச் சொல்கிறான். எனக்கு 54 வயது. முழங்காலில் லேசாக வலி உண்டு. படி ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். நான் போகலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

போகலாம், ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு.

ஐஸ்லாந்தில் புதியவர்களை அதிகம் அழைத்துப்போகும் இடங்களில் ஒன்று, தெற்குக் கரையில் இருக்கும் சோல்ஹெய்மயோகுல் பனியாறு. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு மீட்டர் உயரம்தான். சேலம் நகரமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே மூச்சு முட்டுமோ, தலை சுற்றுமோ என்ற கவலை அங்கே வேண்டாம்.

மூன்று மணி நேரம் என்பதில் பனிமேல் நடப்பது ஒன்று, ஒன்றரை மணி நேரம் வரும். மீதி நேரம் ஷூவும் ஹெல்மெட்டும் அளவு பார்ப்பதிலும், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பனியின் விளிம்பு வரை நடப்பதிலும் போய்விடும். அந்தப் பாதை பனியாறு அரைத்துப் போட்டுவிட்டுப் போன சரளையும் உருண்டைக் கல்லும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பனியைவிட இந்தக் கல் பாதைதான் அதிகம் படுத்தும்.

சோதனை இதுதான். ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையில் நிதானமாக இறங்கி, பத்து நிமிடம் உட்கார்ந்து, ஏறி வாருங்கள். அன்றைக்கு வலிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் இல்லையென்றால் ஆரம்பநிலை நடை உங்களால் முடியும். வீங்கியிருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். எப்படியானாலும் முன்பதிவின்போதே முழங்கால் விஷயத்தை எழுதிவிடுங்கள். வழிகாட்டி அதற்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுப்பார், நடைக்கோலும் தருவார். பனிமேல் போன பிறகு சொன்னால் அவருக்கும் வேறு வழி இருக்காது. ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் குழுவே திரும்ப வேண்டியதுதான்.

நல்ல கிரிப் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ரப்பர் பட்டையும் சிறு சங்கிலியும் உள்ள முள் உறை கிடைக்கிறது. இரண்டையும் வாங்கிப் போனால் வாடகைக் காசு மிச்சமாகுமே?
– ஐடிஐ மாணவர், கொண்டலாம்பட்டி

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பனியாற்று நடையின் பாதி பத்திரம் காலில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் சங்கிலி முள், உறைந்த சாலைக்கும் சமதளப் பனிக்கும் ஆனது. அதன் முள் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பனியாற்றின் சரிவில் அது கடிக்காது. ரப்பர் இழுபட்டு, முள் காலுக்கடியிலிருந்து பக்கவாட்டுக்கு நழுவிவிடும். அங்கே தேவைப்படுவது கிராம்பான். எஃகுச் சட்டத்தில் 10 அல்லது 12 முட்கள், அடியில் எட்டோ பத்தோ, முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு. அந்தச் சட்டம் வளையாது. அதனால் ஷூவின் அடியும் எளிதில் வளையக் கூடாது. ஸ்போர்ட்ஸ் ஷூ ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மடங்கும். மடங்கும்போது குதிகால் சட்டத்தை விட்டு மேலே வரும். பத்தாவது நிமிடம் கிராம்பான் கழன்று தொங்கும். கணுக்காலை மூடும் உயரமும் கெட்டியான அடியும் உள்ள ஹைக்கிங் பூட்ஸ் கட்டாயம். உங்களிடம் இல்லையென்றால் நடை நடத்துபவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். முன்பக்கம் விரலை அசைக்க இடம் வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது.

கிராம்பானைப் பெரும்பாலும் வழிகாட்டியே மாட்டிக் காட்டுவார். ஆனாலும் நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில் வலது, இடது. கொக்கி காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் அடுத்த காலின் முள் அதில் மாட்டும். பிறகு நீளம். பட்டையை இழுத்துக் கட்டுவதற்கு முன், பூட்ஸை மட்டும் சட்டத்துக்குள் அழுத்தி வைத்துத் தூக்கிப் பாருங்கள். சட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தால் அளவு சரி, கீழே விழுந்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும். முன் முட்கள் பூட்ஸ் நுனிக்கு வெளியே சுமார் இரண்டு சென்டிமீட்டர் தெரிய வேண்டும். பட்டையை இறுக்கியதும் மிச்ச நுனியைச் செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் அதையே மிதிப்பீர்கள். நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் பட்டை கொஞ்சம் தளரும். அப்போது நின்று ஒரு முறை இறுக்க வேண்டும். பலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் தளர்ந்த பட்டையோடே நடப்பார்கள். சொல்லுங்கள், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி நடை. நம் வழக்கமான நடையில் குதிகால் முதலில் படும், பிறகு பாதம் உருளும், கடைசியில் விரல் உந்தும். கிராம்பானில் இது தப்பு. பாதம் முழுசாக, ஒரே நேரத்தில், எல்லா முள்ளும் பதியும்படி வைக்க வேண்டும். நெல் களத்தில் தாள் மிதிப்பதுபோல மேலிருந்து நேராக. இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும், அடிகள் சிறிதாக இருக்க வேண்டும். ஏறும்போது விரல்களை வெளிப்பக்கம் திருப்பி வாத்து நடை. சரிவுக்குக் குறுக்கே போகும்போது கணுக்காலைப் பள்ளத்தின் பக்கம் சாய்த்துக் கொடுத்தால்தான் எல்லா முள்ளும் பனியைத் தொடும். பூட்ஸின் ஓரத்தால் நடக்கப் பார்த்தால் ஒரு வரிசை முள்தான் கடிக்கும்.

தவறு அதிகம் நடப்பது இறக்கத்தில். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்ததும் எடை குதிகாலுக்குப் போய்விடும், கடைசி இரண்டு முள் மட்டும் பனியில் இருக்கும், அதுவும் வழுக்கும். முழங்காலை மடித்து, மூக்கு பாதத்துக்கு நேராக வருமளவு முன்னால் குனிந்து இறங்குங்கள். முதல் பத்து அடி பயமாக இருக்கும், பிறகு முள் 'சரக், சரக்' என்று கடிக்கும் சத்தத்திலேயே தைரியம் வந்துவிடும்.

இன்னொரு ஆபத்து துணி. தொளதொள டிராக் பேன்ட், பறக்கும் துப்பட்டா, நீண்ட சால்வை எல்லாம் முன் முள்ளில் மாட்டும். பேன்ட் காலைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். புதுப்பனி ஈரமாக இருந்தால் முட்களுக்கு நடுவே அது உருண்டை கட்டும், முள் தரையையே தொடாது. நடைக்கோலால் பூட்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும். ஒருவேளை விழுந்து சறுக்கினால் காலைப் பனியில் ஊன்றி நிறுத்தப் பார்க்காதீர்கள். முள் சட்டென்று மாட்டிக் கணுக்கால் முறியும், அல்லது உடம்பு குப்புறப் புரளும். காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் எங்கள் ஊரில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுப் பழக்கம்தான். அதுவே போதாதா?
– காபித் தோட்ட ஊழியர், நாகலூர்

குல்லாவை எடுத்துப் போங்கள். ஸ்வெட்டர் கம்பளி என்றால் அதையும் எடுத்துப் போங்கள். பனியன் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

திருப்பூர்ப் பருத்தி பனியன் நம் வெயிலுக்கு அமிர்தம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகக் குளிரவைப்பதுதான் அதன் குணம். பனியாற்றில் அந்தக் குணமே எதிரி. ஏறும்போது வியர்ப்பீர்கள், நின்றதும் காற்று வீசும், நனைந்த பருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல்சூட்டைக் கடத்தும். ஜீன்ஸுக்கும் இதே கதி.

தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் வெளியே மழையும் காற்றும் புகாத கோட்டும் பேன்ட்டும். ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. நின்றால் உடனே ஃப்ளீஸ்.

கையுறையை வெயில் அடித்தாலும் கழற்றாதீர்கள். குளிருக்காக மட்டும் சொல்லவில்லை. பனியாற்றின் மேல்பரப்பு உருகி உருகி, உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். வெறுங்கையை ஊன்றி விழுந்தால் உள்ளங்கை கீறிக் குழம்பிவிடும்.

மகள் கல்லூரித் தோழிகளோடு போகிறாள். பனியில் வெடிப்பு இருக்குமாம், ஆள் உள்ளே விழுந்தால் எடுக்கவே முடியாதாம். கைடு இருந்தாலும் அவர் என்ன செய்ய முடியும்?
– ஒரு தந்தை, ஓமலூர்

உங்கள் பயம் நியாயமானது. வெடிப்பு, அதாவது பனிப்பிளவு, இல்லாத பனியாறு கிடையாது. பனியாறு மெதுவாக நகரும் பொருள். அடியில் உள்ள பனி மேலிருக்கும் எடையால் பிசைந்த மாவுபோல வளைந்து கொடுக்கும். மேல்பனியால் அப்படி வளைய முடியாமல் பிளக்கும். அதனால்தான் பெரும்பாலான பிளவுகள் சுமார் 30 மீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. 30 மீட்டர் என்பது பத்து மாடி, அதுவே போதுமான ஆழம்.

ஆனால் பிளவு கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோடையில் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் மேல்பூச்சுப் பனி முழுக்க உருகி, கெட்டிப் பனி வெளியே தெரியும். பிளவுகள் திறந்து கிடக்கும், சுற்றிப் போகலாம். சுற்றுலா நடைகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும், கயிறு தேவைப்படாது. மேற்பகுதியிலும் குளிர்காலத்திலும் பிளவின் வாயைப் பொழிபனி மூடியிருக்கும். மண் மூடிய பாழுங்கிணறு மாதிரி. அங்கே போவதென்றால் எல்லோரும் ஹார்னஸ் (கயிறு மாட்டும் இடுப்புப் பட்டை) அணிந்து ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுத்தான் நடக்க வேண்டும். கயிறு இல்லாமல் வெள்ளைப் பொழிபனி மூடிய பனியாற்றில் யாராவது அழைத்துப்போனால் மகள் மறுத்துவிட வேண்டும்.

பிளவைவிட வழிகாட்டிகள் அதிகம் பயப்படுவது உருகுநீர்க் குழிக்கு. மேலே ஓடும் ஓடை சுழன்று இறங்கிப் பனிக்குள் கிணறுபோல் துளைத்திருக்கும். வாய் வழுவழுவென்று உள்பக்கம் சரிந்திருக்கும். போட்டோவுக்காக எட்டிப் பார்க்கும் ஆசை அங்கேதான் வரும். வழிகாட்டி கோடு போட்ட இடத்தில் நின்றுவிட வேண்டும், அவர் கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க வேண்டும்.

வழிகாட்டி இருந்தும் விபத்து நடந்ததுண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் வழிகாட்டியோடு போன குழுமேல் பனி இடிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். 2022 ஜூலையில் இத்தாலியின் மர்மோலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதியே உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். இரண்டும் கோடைக்காலத்தில் நடந்தவை. உருகும் நாட்களில் பனிச்சுவருக்குக் கீழே, பனிக்குகைக்குள்ளே நிற்பது தனி ஆபத்து. எனவே மகளிடம், ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிமேல் நடப்பது சரி, பனிக்குகைக்குள் நுழைவது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணம் கட்டுமுன் நான்கு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். வழிகாட்டிக்குப் பனியாற்றுக்கென்றே பயிற்சிச் சான்று உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? 15 பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். வானிலை மோசமானால் ரத்து செய்து பணம் திருப்பித் தருவார்களா? காசை இழக்க மனமில்லாத இடத்தில்தான் தவறான முடிவு பிறக்கும். கடைசியாகக் காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். ஆனால் பல பாலிசிகள் சாகசச் செயல்களை விலக்கியிருக்கும். 'பனியாற்று நடை' அதில் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பனியாறு, பனிப்பாறை, பனிமலை... பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. எது சரி? படங்களில் அது நீலமாகத் தெரிவது உண்மையா?
– பள்ளி ஆசிரியை, ஏற்காடு

நகர்ந்துகொண்டே இருக்கும் பெரும் பனித்திரள் பனியாறு. அதிலிருந்து உடைந்து நீரில் மிதப்பதைப் பனிப்பாறை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. நீலம் உண்மைதான். ஆண்டாண்டாக விழும் பொழிபனி தன் எடையாலேயே அமுங்கி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் பெரும்பாலும் வெளியேறிக் கெட்டிப் பனியாகிறது. ஒளி அதற்குள் நெடுந்தூரம் போகும்போது சிவப்பை அது விழுங்கிவிடும், நீலம் மட்டும் திரும்பி வரும். உங்கள் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். சோல்ஹெய்மயோகுலில் கறையான் புற்று மாதிரி கறுப்புக் கூம்புகள் நிற்கும். உள்ளே முழுக்கப் பனி, மேலே எரிமலைச் சாம்பல். மெல்லிய சாம்பல் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். தடித்த சாம்பல் கம்பளிபோல மூடிப் பனியைக் காக்கும். சுற்றியுள்ள பனி இறங்க இறங்க, மூடியிருக்கும் இடம் புற்றாக நிற்கிறது.

வெளிநாடு போக வசதியில்லை. நம் நாட்டில் எங்கே போகலாம்?
– வாசகர், ஆத்தூர்

கோமுகம். உத்தரகண்டில் கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர். 14வது கிலோமீட்டரில் போஜ்பாசாவில் இரவு தங்கலாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் வாயிலிருந்து பாகீரதி புறப்படுவதை அங்கே பார்க்கலாம். நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் வனத்துறை அனுமதி. முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஆனால் நீலப்பனியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்தப் பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கப் பாறையும் மண்ணும் மூடிக் கிடக்கும், பார்த்தால் கல் குவாரி போலத்தான் இருக்கும். பனியின் வாய்க்கு அருகே போகவே கூடாது. மேலிருந்து கல்லும் பனிக்கட்டியும் விழும்.

அங்கே உயரமும் ஒரு பிரச்சினை. கோமுகம் சுமார் 4,000 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஏற்காடு 1,500 மீட்டர் என்பதால் மலைக்காரர்களுக்கு இது பழகியது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்காது. கங்கோத்ரியிலேயே ஒரு முழு நாள் தங்கிவிட்டுக் கிளம்புங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா அதைவிடச் சற்று அதிகம் என்பதால்தான் அந்த ஓய்வு நாளைக் கட்டாயம் என்கிறோம். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. தள்ளாடினால், படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் இரவென்றும் பாராமல் கீழே இறங்க வேண்டும்.

முறையாகக் கற்க விருப்பமிருந்தால் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. இவற்றின் அடிப்படைப் பயிற்சி நான்கு வாரம். கிராம்பான் நடை, கயிறு, பனிக்கோடாரி எல்லாம் பனியாற்றிலேயே வைத்துச் சொல்லித் தருவார்கள்.

சேர்வராயன் மலையில் எப்படிப் பயிற்சி எடுப்பது? எட்டு வாரம் இருக்கிறது.
– நடைக்குழு உறுப்பினர், சேலம்

எல்லோரும் ஏறிப் பழகுகிறார்கள். நீங்கள் இறங்கிப் பழகுங்கள். ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் தொடையையும் கணுக்காலையும் கேட்கும். பனியில் நம்மைக் காப்பது இவை இரண்டும்தான்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டு மாடிப்படி போதும். 20 நிமிடம், ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாக, ஒவ்வொரு படியிலும் பாதம் முழுசாக. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஒரு காலுக்கு ஒரு நிமிடம். வாரம் ஒருநாள் மலை. 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காடு சாலையில் நடப்பதென்றால் விடியற்காலையோடு முடித்துவிடுங்கள், வளைவில் பேருந்துக்கு ஒதுங்க இடமிருக்காது. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஏறும் காட்டுப்பாதை இன்னும் பொருத்தமானது. வனத்துறை அனுமதி பெற்றுத்தான் ஏற வேண்டும். முதுகுப்பையில் முதல் வாரம் 3 கிலோ, ஆறாவது வாரம் 6 கிலோ. பயணத்துக்கு முந்தைய வாரம் கடினமான நடை வேண்டாம். புது பூட்ஸ் வாங்கியிருந்தால் குறைந்தது நான்கு மலை நாளாவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொப்புளத்தோடுதான் பனியைப் பார்ப்பீர்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறேன். அதற்கு மேல் கூலிங் கிளாஸ் அவசியமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

அவசியம். புதிய பொழிபனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். புற ஊதாக் கதிர் கண்ணின் முன்பக்கம் உள்ள கருவிழியைச் சுட்டுவிடும். சுடும்போது தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். மேகமூட்டமான நாளிலும் இது நடக்கும். உங்கள் பவரிலேயே பக்கவாட்டு மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது. கடையில் மூன்றாம் அல்லது நான்காம் தர வடிகட்டி என்று கேளுங்கள். நான்காம் தரத்தைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழேயும் மூக்குத் துவார ஓரத்திலும் தடவுங்கள், ஒளி கீழிருந்தும் வரும்.

பனிமேல் கழிப்பறை இருக்குமா? தண்ணீர், தின்பண்டம்?
– வாசகி, மேட்டூர்

இருக்காது. வண்டி நிறுத்துமிடத்திலேயே போய்விட்டு வாருங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், குளிரில் தாகம் தெரியாமலேயே உடல் வறளும். ஒரு லிட்டர் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஐஸ்லாந்தில் பனிமேல் ஓடும் ஓடையில் நிரப்பிக்கொள்ளலாம், வழிகாட்டி காட்டும் ஓடையில் மட்டும். தின்பதற்குக் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் போதும். கையுறை போட்ட கையாலேயே பிரிக்கும்படி வீட்டிலேயே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தைத் திரும்பக் கொண்டு வர ஒரு பையும் வேண்டும்.